பெரிய கொம்பன் பேச மாட்டானாம்

ஜூன் 9, திங்கள்

காய்ச்சல்: இல்லை. புதிதாகக் கன்றிய இடம்: இடது முழங்கையில் ஒன்று, தொடையில் இரண்டு. ஈறில் ரத்தம்: காலையில் கொஞ்சம்.

டாக்டர் எழுதச் சொன்னது இந்த மூன்றுதான். ஆனால் சித்தப்பா கொடுத்த இந்த டைரியில் பக்கத்துக்கு முப்பது வரி இருக்கிறது. பரீட்சையில் தெரியாத கேள்விக்கே நாலு பக்கம் எழுதுகிற ஆள் நான். மிச்ச வரியைச் சும்மா விட மனசு வரவில்லை.

எலும்புக்குள் மஜ்ஜை என்று ஒரு பட்டறை இருக்கிறது. ரத்தம் அங்கேதான் தயாராகிறது. என் பட்டறையில் வேலைநிறுத்தம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கோரிக்கை என்ன என்றும் சொல்லித் தொலைக்கவில்லை. நோயின் பெயர் ஏபிளாஸ்டிக் அனீமியா. "பிளாஸ்டிக்கத்தான் தடை பண்ணியாச்சே டாக்டர்" என்றேன். டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவை நினைத்தால்தான் எரிச்சல். போன மாதம் வரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது என்னைச் "சவமே" என்றும் "செத்த மூதி" என்றும் கூப்பிடுவாள். திருநெல்வேலியில் அது செல்லப்பெயர். இப்போது ஒரு தடவைகூட இல்லை. நேற்று வேண்டுமென்றே பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டேன். "ச..." என்று ஆரம்பித்தாள். அப்படியே விழுங்கி, "ச... சரி தாயி, போட்டும்" என்று முடித்தாள். பாளையங்கோட்டையில் இதைவிட ஒரு பிள்ளையை அவமானப்படுத்த முடியாது.

கொம்பையா மட்டும்தான் மாறவில்லை. சாயங்காலம் வந்தான். வாசலில் நின்றபடியே, "ஏட்டி உலகம்மா, ஊர்ல என்ன பேசிக்கிடுதாங்க தெரியுமா? உலகம் அழியப்போவுதாம்ல" என்றான். அண்ணன் மகராசன் அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டான். எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

கொம்பையா என் வகுப்பு. கபடியோ கோயில் கொடை விழாவோ, எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் மைக் அவன் கையில்தான். போன வருடம் பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆனபோது நான் ஸ்பீக்கர் ஒயரை உருவினேன். இருட்டுக்குள்ளிருந்து அவன், "இத்துடன் விழா இனிதே நிறைவடைகிறது" என்று வாயாலேயே கத்தினான். பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.

பிரம்மசக்தி அவனுடைய அத்தை மகள், என் பக்கத்துப் பெஞ்சு. "நீங்க ரெண்டு பேரும்..." என்று அடிக்கடி இழுப்பாள். ஒன்றும் கிடையாது. கூட்டுக் களவாணிகள். அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

காய்ச்சல்: 100. கன்றிய இடம்: எண்ணவில்லை. ரத்தம்: மூக்கில், நிறைய.

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கொம்பையா எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கெமிஸ்ட்ரி சார் பைக்கை ஸ்டார்ட் செய்வது எப்படி என்று நடித்துக் காட்டினான். நான் சிரித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. சிரிப்பு நின்றது, ரத்தம் நிற்கவில்லை. அப்பா பஸ்ஸை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தார், அண்ணன் கடையில். கொம்பையாதான் ஆட்டோ பிடித்தான். அம்மா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் சட்டை முழுக்க நான்.

வழி நெடுக அவன் வாய் ஓயவில்லை. "உலகு இப்பம் வண்ணாரப்பேட்டைய தாண்டுதா... பாலத்துல ஏறுதா... எதிர்க்க வார லாரிய ஒதுக்கித் தள்ளுதா... கண்ணத் தொறந்து வையிட்டி, ஆட்டம் இன்னும் முடியல..." ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோதுதான் கமெண்டரி நின்றது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை.

பிளேட்லெட் ஆறாயிரமாம். இருக்க வேண்டியது ஒன்றரை லட்சம். மஞ்சளாக மூன்று பை ஏற்றினார்கள். பார்க்க மாம்பழ ஜூஸ் மாதிரி இருந்தது. "ஸ்ட்ரா இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கொம்பையா இருந்தால் சிரித்திருப்பான்.

ஜூன் 18, புதன்

கொம்பையா போனை எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்றும்.

ஜூன் 24, செவ்வாய்

காய்ச்சல்: இல்லை. எரிச்சல்: 104.

வீட்டுக்கு வந்தாயிற்று. அவனுக்குப் பதினாலு செய்தி அனுப்பினேன். பதினாலுக்கும் பக்கத்தில் இரண்டு நீல டிக். படிக்கிறான். பதில் இல்லை. போன் அடித்தால் முழுசாக அடித்து ஓய்கிறது.

சரி, ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டேன். பெரிய கொம்பன் என்று பெயர் வைத்துக்கொண்டு மூக்கு ரத்தத்துக்குப் பயப்படுகிறான், போகட்டும். ஒருவேளை தொண்டை கட்டியிருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் பாவம் பார்த்தேன். அதே நிமிடம் மைதானத்துப் பக்கமிருந்து கபடிப் போட்டியின் மைக் சத்தம் வந்தது. "அந்தா பாருங்க! அவரு கோட்டத் தொட்டாரா? கோடு அவரத் தொட்டிச்சா? நடுவரே, கண்ணாடியத் தொடைங்க!"

அவனேதான். தொண்டை வெண்கலம் மாதிரி இருக்கிறது. ஊர் முழுக்கப் பேசுகிறான், எனக்கு மட்டும் கிடையாது. இது மௌன விரதம் இல்லை, மௌன விரோதம்.

ஜன்னலைச் சாத்தினேன். பிறகு காற்று வரவில்லை என்று திறந்தேன். காற்றுக்காகத்தான்.

ஜூன் 29, ஞாயிறு

காய்ச்சல்: இல்லை. ஈறு: பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த ஆட்கள்: பதினொன்று. கொண்டு வந்தது: திருநீறு ஆறு பொட்டலம், தீர்த்தம் இரண்டு பாட்டில். டாக்டர் இவை எதையும் என் பக்கத்தில் கொண்டு வரக் கூடாது என்றிருக்கிறார், கிருமி வருமாம். அம்மா எல்லாவற்றையும் பீரோவுக்குள் அடுக்கி வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இப்போது ரொம்ப ஆரோக்கியமாக இருப்பது அந்தப் பீரோதான்.

மத்தியானம் அண்ணனின் இன்னொரு சிம்மைச் சுட்டு, குரலை மூக்கு வழியாக விட்டு, கொம்பையாவுக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"வணக்கம் சார், நாங்க கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம். எங்க சேவை திருப்தியா இருக்குங்களா?"

"சேவையா? மேடம், எங்க வீட்டு மாடியில நின்னாதான் சிக்னலு. மாடியில நின்னா எங்கம்மை துணி காயப்போடச் சொல்லுதா. ஒங்களால நான் டெய்லி அஞ்சு பக்கெட் துணி காயப்போடுதேன். இதுக்கு ஒங்க கம்பெனி என்ன பதில் சொல்லும்?"

பத்து நிமிடம் பேசினான். பதினோராவது நிமிடத்தில் அவன், "மேடம், ஒங்களுக்கும் ஜலதோசமா, மூக்கால பேசுதிய?" என்றான். நான் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை, சிரித்துவிட்டேன். என் சொந்தச் சிரிப்பு.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நின்றது. பட்டென்று போன் கட்டாகிவிட்டது. கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி.

முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்காரிக்குப் பத்து நிமிடம். எனக்கு ஒரு வினாடி கிடையாது. எனக்குக் கோபம் மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை. கண் எரிகிறது, மருந்தின் வேலை.

ஜூலை 2, புதன்

அண்ணனுடைய மஜ்ஜை எனக்குப் பொருந்துமா என்று பார்த்த ரிசல்ட் வந்தது. பத்துக்குப் பத்து. ஊரில் ஜாதகத்துக்குத்தான் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். எனக்குக் கூடப் பிறந்த தடியனோடு பொருந்தித் தொலைத்திருக்கிறது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது, பதினாலாம் தேதி கிளம்ப வேண்டும். அண்ணனுக்கு ஊசி என்றால் சிறு வயதிலிருந்தே பயம். "எவ்ளோ பெரிய ஊசி டாக்டர்?" என்று கேட்டான். டாக்டர் கையை விரித்துக் காட்டியதும் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தான், இன்னும் ஆழமாக.

ஜூலை 4, வெள்ளி

காய்ச்சல், கன்றல், ரத்தம் எல்லாம் நாளைக்கு. இன்று இதை எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பிரம்மசக்தி வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. ரகசியம் வைத்திருக்கும்போது அவள் கண் அப்படித்தான் இருக்கும்.

"சொல்லுட்டி" என்றேன்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கான்."

"அப்பம் சொல்லு."

சொன்னாள். எனக்கு மூக்கில் ரத்தம் வந்த அன்று, என்னை உள்ளே தூக்கிக்கொண்டு போன பிறகு, கொம்பையா அந்தச் சட்டையோடேயே அவர்கள் தெருப் பேச்சியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறான். நேர்ந்துகொண்டிருக்கிறான். எங்கள் ஊரில் வேண்டுதல் என்றால், ரொம்பப் பிடித்த ஒன்றைக் காரியம் முடியும் வரை விட்டுவிட வேண்டும். அவன் அம்மா அவனுக்கு டைபாய்டு வந்தபோது மீனை விட்டாள். என் சித்தி வெற்றிலையை விட்டாள். இவன் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறான். உலகு குணமாகி இந்த நடையில் வந்து நிற்கிற வரைக்கும் உலகுகூடப் பேச மாட்டேன். எழுதவும் மாட்டேன். கஸ்டமர் கேரிடம் பேசியது, ஆள் தெரியாமல் பேசியதால், கணக்கில் வராதாம்.

"பரோட்டாவத்தான் விடுவான்னு நான் நெனச்சேன்" என்றாள் பிரம்மசக்தி. "மூணு வேளையும் அதத்தான திங்கான். நீயே சொல்லு, ரொம்பப் புடிச்சத விடணும்னு சொன்னா, கோட்டிப்பய எத விட்டிருக்கான் பாரு."

"அவனுக்குப் பேசத்தான் ரொம்பப் பிடிக்கும். தெரிஞ்ச விசயந்தான" என்றேன்.

"பேச்ச விடலட்டி. எல்லார்ட்டயும்தான் பேசுதான்."

"ஆமா."

"ஒங்கூடப் பேசறத மட்டும் விட்டுருக்கான்."

"அதான் சொல்லுதேனே. பேச்ச."

பிரம்மசக்தி என்னையே பார்த்தாள். "ஏட்டி, நீ எப்படித் தமிழ்ல மொத மார்க்கு வாங்குத?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பேச்சி கோயிலில் போய்ப் பேச்சை விட்டிருக்கிறான்! அந்த அம்மனுக்கே கேட்கச் சங்கடமாக இருந்திருக்கும். இருபது நாள்! ஊரில் உள்ள அத்தனை பேரும் என்னிடம் வந்து விழுந்து அழுகிறார்கள். ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவன் ஒருத்தன், அவனையும் சாமி எடுத்துக்கொண்டது. இதில் யாருக்கு வேண்டுதல், யாருக்குத் தண்டனை?

ஜூலை 5, சனி

ஈறில் ரத்தம்: கொஞ்சம். பல்லைக் கடித்ததால் இருக்கலாம்.

சமாதானப் பேச்சுவார்த்தைக்கு அண்ணனை அனுப்பினேன். என் தரப்புக் கோரிக்கை: வேண்டுதலை மாற்று. என்கூடப் பேசுவதற்குப் பதில் பரோட்டாவை விடு, வேண்டுமானால் சால்னாவையும் சேர்த்து. அண்ணன் கோயில் பூசாரியிடமே கேட்டுவிட்டு வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து, அம்மனிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாமாம். சாமி ஒத்துக்கொண்டது. ஆசாமிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ன சொன்னான்?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "மாத்தி, பொறவு அவளுக்கு எதாவது ஆச்சுன்னா நான் என்னண்ணே செய்வேன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல. சரிடேன்னு வந்துட்டேன்."

இவனுடைய மஜ்ஜையைத்தான் எனக்கு ஏற்றப் போகிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

காய்ச்சல்: இல்லை. கன்றல்: இல்லை. ரத்தம்: இல்லை.

அப்பாவும் டாக்டரும் பேசியது கதவு வழியாகக் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, கதவுதான் மெல்லிசு. அண்ணன் மஜ்ஜை முழுசாகப் பொருந்தியதால் நல்ல வாய்ப்பாம். நூற்றுக்கு எண்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்களாம்.

எண்பது நல்ல மார்க். நான் கணக்கில் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குவேன்.

அம்மா இரவுக்கு இடியாப்பம் செய்தாள். இரண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

முடிவெடுத்துவிட்டேன். பிரம்மசக்தியிடம் சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவன் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வந்து என்னிடம் பேச வேண்டும். பேசாவிட்டால் திங்கட்கிழமை நான் சென்னைக் காரில் ஏற மாட்டேன்.

எல்லோரும் விளையாட்டு என்று நினைத்தார்கள். பெட்டியில் அம்மா அடுக்கிய துணியையெல்லாம் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன். அப்போதுதான் நம்பினார்கள். அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் வந்து கத்தினான்.

"ஒனக்குக் கொழுப்பாட்டி? நான் இந்த வயசுல முதுகுல ஊசி வாங்கச் சம்மதிச்சு நிக்கேன். நீ என்னன்னா அந்தப் பய பேசணும்னு..."

"ஆமா."

"ஏன்?"

ஏன் என்றால்? ஒரு ஆள் என்னிடம் என்று தெரிந்து கடைசியாகப் பேசியது ஆட்டோவில், அதுவும் நான் பாதி மயக்கத்தில். அங்கே போய் ஒரு மாதம், கிருமி வராத கண்ணாடி அறைக்குள் இருக்க வேண்டும். நூற்றில் எண்பது போக மிச்சம் இருபது பேரும் என்ன, யாருடைய குரலையும் கேட்காமலா போனார்கள்? நான் கேட்பது அநியாயமா?

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லவில்லை. "சும்மாதான்" என்றேன்.

ஜூலை 12, சனி

வருகிறானாம். பேசுகிறானாம். ஜெயித்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காய்ச்சல்: இல்லை.

மூன்றரைக்கே ஜன்னலில் இருந்தேன். வெயில் அடிக்கிறதா என்று பார்க்க.

நாலு மணிக்குக் கொம்பையா வந்தான், கூடப் பிரம்மசக்தி. இருபத்தெட்டு நாளில் பாதியாகப் போயிருந்தான். பரோட்டாவையும் சேர்த்து விட்டுவிட்டானா என்று நினைத்தேன். நெற்றியில் திருநீறு. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் ஆறடி தள்ளி நாற்காலியில் நான். நடுவில் டாக்டர் உத்தரவு.

"வாங்க சார்" என்றேன். "மௌனசாமி தரிசனம் தர வந்திருக்காரு. சும்மா ஒரு மைக் டெஸ்டிங் சொல்லு, போதும்."

அவன் முகக்கவசத்தை இறக்கினான். இரண்டாயிரம் பேர் முன்னால் மைக் பிடித்து நடுங்காத வாய், நடுங்கியது. கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் வலது உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் தெரிந்தது, கறுப்பாக, ஒரு ரூபாய் அளவுக்கு. கண்ணை மூடினான். பரீட்சை ஹாலில் கடைசி மணி அடிக்கும்போதுகூட அவன் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

"பேசாதல! வாய மூடு! ஒரு வார்த்த வந்துச்சு, கொன்னுருவேன்!"

தெருவில் போன சைக்கிள்காரர் நின்றுவிட்டார். யார் இப்படிக் கத்துவது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி கீழே கிடந்தது. நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பிரம்மசக்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி, ஒனக்கு என்ன கோட்டியா? பேசுன்னு உயிர எடுத்ததே நீதான! இவன் மூணு நாளா சோறு திங்கல, அழுது அழுது மனசத் தேத்திக் கூட்டிட்டு வந்தா..."

"நீ சும்மா இருட்டி. சத்தம் வந்துச்சா? எழுத்து எதாவது வந்துச்சா?"

"என்னது?"

"அவன் வாயில இருந்து எழுத்து எதாவது முழுசா வந்துச்சா, இல்ல வெறும் காத்தா? ஒழுங்காச் சொல்லு, நீதான் சாட்சி."

"காத்துதான்" என்றாள் பிரம்மசக்தி. அவள் குரல் மாறியிருந்தது.

"காத்துன்னா பரவால்ல. காத்து கணக்கு இல்ல."

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அண்ணன் கேட்டான். காரணம் ரொம்பச் சாதாரணம். கொம்பையா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். மறுநாள் காலையில் பயணம், எனக்குப் பெட்டி அடுக்க வேண்டும். அதுவும் போக, சாமி, சூடம், சத்தியம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எண்பது என்பது கணக்கு, மருந்து, மஜ்ஜை. அவன் பேசினால் அது எழுபத்தொன்பது ஆகாது. பேசாவிட்டால் எண்பத்தொன்று ஆகாது.

ஆனால் எண்பத்தொன்று ஆகுமென்றால், ஆகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?

அதனால் நான் பேசினேன். ஒரு மணி நேரம். அவன் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். இதுவரை போனை எடுக்காததும் அதனால்தானாம், குரலைக் கேட்டால் தன்னை மீறிப் பதில் சொல்லிவிடுவோமோ என்று. பிரம்மசக்திதான் சொன்னாள். இனிமேல் நான் தினமும் நாலு மணிக்குப் போன் செய்வேன், நீ எடுக்க வேண்டும், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கேட்க வேண்டும், 'ம்' கொட்டினால் ஆட்டம் அவுட் என்று சட்டம் போட்டேன். தலையாட்டினான். தலையாட்டலாமா என்று சந்தேகம் வந்தது. ஆட்டலாம் என்று முடிவு செய்தோம்.

அம்மா அவனுக்கு டீ கொண்டு வந்தாள். "பேசாத பிள்ளைக்கிச் சீனி போதுமான்னு எப்படிக் கேக்க?" என்று அவளாகவே இன்னொரு கரண்டி போட்டாள்.

அந்த ஒரு மணி நேரம் நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. டாக்டர் கேட்டது மூன்று விஷயம்தான்.

ஜூலை 16, புதன்

சென்னை. கண்ணாடி அறை. உள்ளே வருகிற எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள். இந்த டைரியையும் துடைத்தார்கள். ஜூன் ஒன்பதாம் தேதி கொஞ்சம் அழிந்துவிட்டது.

நாலு மணிக்குக் கொம்பையாவிடம் நாற்பது நிமிடம் பேசினேன். மொத்தமும் புகார்.

ஜூலை 24, வியாழன்

அண்ணனுடைய மஜ்ஜை வந்தது. ஒரு பை, கருஞ்சிவப்பு, ஏறி முடிய நாலு மணி நேரம். அண்ணன் மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "ஊசி போட்டாச்சா, இனிமேதானா?" என்பதுதானாம். இதே மஜ்ஜையை வைத்துக்கொண்டு நான் பன்னிரண்டாம் வகுப்புப் பாஸ் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காய்ச்சல்: 102. முடி: பழைய மஜ்ஜையை அழிக்கத் தந்த மருந்தில் உதிர்ந்து, தலையணையில். வெள்ளையணு: பூஜ்யம். அவை வெள்ளைக்கொடி காட்டிவிட்டுப் போய்விட்டன. புதியவை இன்னும் வரவில்லை.

நாலு மணி: ஆறு நிமிடம்.

ஆகஸ்ட் 6, புதன்

காய்ச்சல்: 99. வாய்ப்புண்: ஏழு, நாக்கால் எண்ணினேன். வெள்ளையணு: நேற்று வரை பூஜ்யம், இன்று நாற்பது. ஐந்நூறு வந்தால்தான் கணக்காம். நாற்பதெல்லாம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசைக்குக்கூடக் காணாது.

நாலு மணிக்குப் போன் போட்டேன். எடுத்தான். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கினாலே உயிர் போகிறது. அவனும் பேச மாட்டான், நானும் பேச முடியாது. கட் செய்திருக்கலாம். செய்யவில்லை. போனைத் தலையணையில் வைத்து அதன்மேல் காதை வைத்துப் படுத்திருந்தேன். அவன் வீட்டு மாடியில் காற்று அடித்தது. யாரோ துணியை உதறினார்கள். அவன் மூச்சு விட்டான்.

ஜாஸ்பின் சிஸ்டர் மருந்து மாற்ற வந்தார். நாகர்கோவில்காரர், என்னிடம் அதட்டிப் பேசுகிற ஒரே ஆள், அதனால் பிடிக்கும். "இருவது நிமிசமா பாக்கேன். நீயும் பேசல்ல, அந்தப் பக்கமும் சத்தத்தக் காணல்ல. லைன்ல ஆளு உண்டா இல்லியா?"

டைரியில் எழுதிக் காட்டினேன்: இருக்கான். பேச மாட்டான். வேண்டுதல்.

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையுறைக் கையால் போனை எடுத்துத் தன் காதில் வைத்தார். "ஹலோ, யாரு மக்களே அது?"

"சிஸ்டரா? சொல்லுங்க சிஸ்டர். அவளுக்கு என்ன ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கா?"

கேட்டுவிட்டது. தெளிவாக, வெண்கலமாக. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். ஊசி குத்தியிருந்த கை வலித்தது, விடவில்லை. அவன் என்னிடம் பேசவில்லை, சிஸ்டரிடம்தான் பேசுகிறான். ஆனாலும் எனக்குக் கேட்கக் கூடாது. காத்து கணக்கில்லை, இது காத்து இல்லை.

பொத்திய காதோடு சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஏதோ விளக்கினார், வாய்ப்புண், நாற்பது, அப்படி. பிறகு அவன்தான் பேசினான் போல, சிஸ்டர் வாயே திறக்கவில்லை. சிரித்தார். தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு தடவை சிரித்தார். அதற்குப் பிறகு எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். கடிகாரத்தில் பத்து நிமிடம் போனது. அவர் திரும்பியபோது கண்ணுக்குக் கீழே முகக்கவசம் நனைந்திருந்தது.

போனைத் துடைத்துத் தந்தார். கட்டாகியிருந்தது.

எழுதினேன்: என்ன சொன்னான்?

"அது எதுக்கு ஒனக்கு?"

பெரிய எழுத்தில் எழுதினேன்: என்ன சொன்னான்??

"நான் சொல்ல மாட்டேன் மக்களே" என்றார் ஜாஸ்பின் சிஸ்டர். மருந்துப் பையை மாட்டினார், சொட்டைச் சரிபார்த்தார், இரண்டு தடவை சரிபார்த்தார். "ஒனக்குச் சொல்ல வச்சிருக்கதாக்கும். ரெண்டு காலால நடந்து வெளிய போயி, அந்தக் கோயில் நடையில நின்னு, நீயே கேட்டுக்க."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பத்து நிமிடம்! பத்து நிமிடத்தில் அவன் ஒரு முழு கபடி ஆட்டத்தையே சொல்லி முடிப்பான். அதை ஒரு நர்ஸ் கேட்டாகிவிட்டது, அவர் அழுதும் ஆகிவிட்டது, சம்பந்தப்பட்ட எனக்கு மட்டும் தெரியாது. நாற்பது அணுவை வைத்துக்கொண்டு நான் எப்போது ஐந்நூறு ஆகி, எப்போது எழுந்து, எப்போது நடந்து, எப்போது கேட்பது?

எண்ணிக்கை பார்க்க நாளைக் காலை ஆறு மணிக்குத்தான் ரத்தம் எடுக்க வருவார்கள். மணி அடித்து ஆளைக் கூப்பிட்டு, இப்போதே ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்று எழுதிக் காட்டினேன்.

முடியாதாம்.